கண்ணுச்சாமி தூங்கவில்லை

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம், ஐப்பசி மாதம். திருநகரில் மதியம் இரண்டு மணிக்குக் கரண்டு போனால் நான்கு மணிக்குத்தான் வரும். ஜனங்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். மாவு ஆட்டுவதைக் காலையிலேயே முடித்தார்கள், மேல்தொட்டியை ஒரு மணிக்குள் நிரப்பினார்கள். கிறிஸ்துராஜ் வீட்டில் இன்னாசியம்மாளுக்கு இன்னும் ஒரு வேலை இருந்தது. ஒன்றரை மணிக்குக் கணவரை உட்காரவைத்து, மூச்சுக்கு ஆவி மருந்து பிடிக்கிற மிஷினைப் போட்டுவிடுவாள். அது முடிந்து இரண்டு அடிக்கும்போது, சத்தம் வருகிற வேலை எதையாவது கையில் எடுத்துக்கொள்வாள். அம்மியில் தேங்காய் அரைப்பாள். ஒன்றுமில்லாவிட்டால் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள்.

மின்விசிறி நின்று வீடு ஓய்ந்தால் அவர் காதில் ஒரு தட்டல் கேட்கும். அதற்காகத்தான்.

கிறிஸ்துராஜ் முப்பத்து மூன்று வருஷம் கடலோரத்து அனல்மின் நிலையம் ஒன்றில் வேலை பார்த்தவர். கொதிகலன் பகுதியில் உதவியாளாகச் சேர்ந்து ஷிப்ட் பொறுப்பாளர் வரை வந்து ஓய்வு பெற்றார். எரிந்த கரியின் சாம்பல் புகையோடு போய்விடாமல் பிடித்து வைப்பதற்கு அங்கே வரிசையாக இரும்புத் தொட்டிகள் தொங்கும். மேலே அகன்று கீழே குறுகி, ஒவ்வொன்றும் ஒரு வீட்டு உயரம் இருக்கும். உள்ளே சாம்பல் இறங்குகிறதா, இறுகி அடைத்துக்கொண்டதா என்று வெளியிலிருந்து தெரியாது. கடப்பாரையால் தட்டிப் பார்ப்பார்கள். காலித் தொட்டி கணீரென்று கேட்கும். அடைத்த தொட்டி மண்சுவரைத் தட்டினதுபோல மந்தமாகக் கேட்கும். வீட்டில் அவருக்குக் கேட்பது அந்த மந்தமான சத்தம். மூன்று தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. மாடியில் யாரோ நடக்கிறார்கள் என்றுதான் முதலில் சொல்லிக்கொண்டிருந்தார். மாடி இல்லாத வீடு அது.

காதைப் பரிசோதித்த டாக்டர் ஒரு குறையும் இல்லை என்றார்.

இன்னொரு விஷயமும் அந்த வீட்டில் உண்டு. வருஷா வருஷம் நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு, இறந்தவர்கள் பெயரை எழுதிக் கோயிலில் கொடுப்பார்கள். சாமியார் பூசையில் வாசிப்பார். சூசைமுத்து, சவரியம்மாள், மரியநாயகம் என்று கிறிஸ்துராஜின் வீட்டுப் பெயர்களுக்குக் கடைசியில் கண்ணுச்சாமி என்று ஒரு பெயர் வரும். மகள் ஷெரின் காலேஜில் படிக்கும்போது ஒருதடவை அது யாரென்று கேட்டாள். கூட வேலை பார்த்தவர் என்றார். புதிதாக மாற்றலாகி வந்த சாமியார் ஒருவர், இவருக்கு ஞானஸ்நானப் பெயர் என்ன என்று விசாரித்தார். இப்படியே வாசிங்க சாமி என்று மட்டும் கிறிஸ்துராஜ் சொன்னார். இரண்டாயிரத்து ஒன்பதிலும் அப்படியே வாசிக்கப்பட்டது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் பேச்சு முற்றியது.

ஷெரினுக்கு முப்பத்து மூன்று வயது. மிஷன் பள்ளியில் வேதியியல் டீச்சர். கோரிப்பாளையத்தில் புருஷனோடு குடியிருந்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள். தம்பி கிளமெண்ட் டிப்ளமா முடித்து நாலைந்து இடம் மாறி, கடைசியில் ஒரு நூல்மில் கம்பெனியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்தக் கம்பெனி திருமங்கலத்துக்குத் தெற்கே ஆவாரங்குளம் என்ற கரிசல்காட்டு ஊரில், நிலக்கரியில் ஓடுகிற சொந்த மின் நிலையம் ஒன்று கட்டப்போகிறது. கிளமெண்ட் அங்கே சைட் சூப்பர்வைசர். அது வரக்கூடாதென்று வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தவர்களில் ஷெரினும் ஒருத்தி. அக்காவும் தம்பியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஆட்டெலும்புக் குழம்பு சாப்பிடும்போது, குழம்பைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வார்கள்.

அன்றைக்குக் கிளமெண்ட்தான் ஆரம்பித்தான். மாதக் கடைசியில் ஆவாரங்குளத்தில் அரசாங்கத்தின் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கப்போகிறது; அனுபவசாலியாக அப்பா வந்து நாலு வார்த்தை பேச வேண்டுமென்று மேனேஜர் ஆசைப்படுகிறார்; அதற்கு முன்னால் ஒருநாள் ஊர்க்காரர்களையும் பார்த்துப் பேசினால் நல்லது என்றான். ஊர்ப் பெயரைக் கேட்டதும் கிறிஸ்துராஜ் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். யாரும் அதைக் கவனிக்கவில்லை, இன்னாசியம்மாளைத் தவிர.

ஷெரின் தட்டைப் பார்த்தபடியே பேசினாள். மழை முன்னைமாதிரி இல்லை, வந்தால் ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகிறது, கண்மாய் நிற்பதில்லை. பூமி சூடாகிக்கொண்டு வருகிறது, அதில் பெரிய பங்கு கரிப்புகைக்குத்தான். அடுத்த மாதம் கோபன்ஹேகனில் எல்லா நாடும் கூடி இதைத்தான் பேசப்போகிறார்கள். இங்கே என்னடாவென்றால் புதிதாகக் கொள்ளி வைக்கிறார்கள் என்றாள்.

கிறிஸ்துராஜுக்கு இந்த விஷயத்தில் மட்டும் பேச்சு வந்துவிடும். "வெள்ளைக்காரன் நூத்தம்பது வருசமா எரிச்சு வீடு வாசல் ரோடு ரயிலுன்னு எல்லாம் கட்டிக்கிட்டான். இப்ப நம்ம அடுப்புப் பத்தவைக்கிற நேரத்துல புகை வருதுங்கிறான். அவன் வீட்டுக்கு நாலு ஏசி. இந்தக் காட்டுல ஒருத்தி வீட்டுல ஒத்தப் பல்பு எரிஞ்சா பூமி வெந்துருமா?"

"அந்தப் பல்பு எரியறதுக்கா கட்றாங்க? மில்லு ஓடுறதுக்கு. சாம்பல் மட்டுந்தான் அந்தக் காட்டுக்கு" என்றாள் ஷெரின். "ஆரல்வாய்மொழியில காத்தாடி சுத்திக் கரண்டு எடுக்கிறாங்க. நமக்கு வருசத்துல பத்து மாசம் வெயிலு."

"காத்து ஆனி ஆடியில அடிக்கும். ஐப்பசியில எங்க அடிக்குது? சூரியன் சாயங்காலம் ஆறு மணிக்குப் போயிருது. நீ ராத்திரிப் பரீட்சைப் பேப்பர் திருத்துறது எந்த வெளிச்சத்துலம்மா?"

கிளமெண்ட் இடையில் புகுந்து, அப்பா சொல்வதை அப்படியே கூட்டத்தில் சொன்னால் போதும் என்றான். கிறிஸ்துராஜ் உடனே அடங்கிவிட்டார். உடம்பு முடியவில்லை, வேறு யாரையாவது பார்க்கச் சொல் என்று எழுந்து கை கழுவப் போனார். மகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்று நாள் விடாமல் கேட்டான். மேனேஜரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன், இந்த வேலையும் போனால் நான் எங்கே போவேன் என்றான். நான்காம் நாள் காலையில் கிறிஸ்துராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் மண் சக்கரத்தில் அப்பி, பைக்கை இரண்டு இடத்தில் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இருபுறமும் முழங்கால் உயரப் பருத்தி. ஊர் முகப்பில் வேப்பமரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். கிறிஸ்துராஜ் சுருக்கமாகப் பேசினார். சாம்பலில் செங்கல் போடலாம், சிமெண்டுக்கு வாங்கிக்கொண்டு போவார்கள், புகைபோக்கியை நல்ல உயரமாகக் கட்டச்சொல்லிக் கேளுங்கள் என்றார். பேசும்போது எதிரே இருந்தவர்களின் முகத்தைப் பார்க்காமல் அவர்களுக்குப் பின்னால் தெரிந்த தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

களையெடுத்துவிட்டுக் காலெல்லாம் சேறாக வந்த ஒரு பெண் நின்றாள். நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துப் பார்த்தாள்.

"கிறிஸ்து அண்ணன்தான? என்னண்ணே, இம்புட்டு மெலிஞ்சு போயிட்டீங்க."

மலையம்மாள், கண்ணுச்சாமியின் மனைவி. பதினைந்து வருஷத்தில் தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது. கிளமெண்டிடம் அவளே சொன்னாள், திருநகர் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியது அவன் பிறந்த காலத்தில் தன் வீட்டுக்காரர்தான் என்று. தோண்டி முடித்த அன்றைக்கு, அண்ணே உங்க கரண்டு ஆபீஸில் எனக்கு ஏதாவது வேலை இருக்குமா என்று அவர் கேட்டாராம். அண்ணன் மறுமாதமே கூட்டிப்போய்க் காண்டிராக்டரிடம் சேர்த்துவிட்டாராம். சாப்பிடாமல் போனால் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று இருவரையும் வீட்டுக்கு அழைத்துப்போனாள்.

ஒற்றை அறை. கரண்டு இல்லாத டிவிக்கு மேலே கண்ணுச்சாமியின் படம் மாட்டியிருந்தது. மின் நிலையத்து கேட் பாஸில் ஒட்டியிருந்த போட்டோவைப் பெரிதாக்கியது. காதோரத்தில் ரப்பர் ஸ்டாம்பின் நீல வளைவு அப்படியே இருந்தது. மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பும் சோறும் வைத்தாள். மகன் விருமாண்டி வந்து சுவரோரம் நின்றான். இருபத்திரண்டு வயது, அப்பாவின் தோள். புது மின் நிலையத்தில் சாம்பல் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று முதல் ஆளாகப் பேர் கொடுத்திருந்தான்.

"அண்ணே, நீங்க இவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்" என்றாள் மலையம்மாள். "அவரு மாதிரி இவனும் வேலை நேரத்துல அசந்து கண்ண மூடிறக் கூடாது. அவரு புத்திதான் இவனுக்கும், படுத்தா எந்திரிக்க மாட்டான். நல்லவேளை, அன்னைக்கு நீங்க கூடவே வந்து உள்ளதச் சொன்னீங்க. இல்லாட்டி நாங்க பாவம் கரண்டு ஆபீஸ்காரங்களக் கரிச்சுக் கொட்டிக்கிட்டே இருந்திருப்போம்."

விருமாண்டி சிரிக்கப் பார்த்தான். "நான் தூங்க மாட்டேன்யா. பள்ளிக்கூடத்துல எம்பேரே தூங்குனான் மகன்தான். வகுப்புல லேசாக் கண்ணசந்தாலும் எல்லாப் பயலும் சிரிப்பான். அதுல இருந்தே எனக்குப் பகல் தூக்கம் கெடையாது."

கிறிஸ்துராஜின் கை சோற்றிலேயே இருந்தது. "சரி தம்பி" என்றார்.  திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தச்சொல்லி, பருத்திக்காட்டு ஓரத்தில் குனிந்து தின்றதையெல்லாம் வாந்தியெடுத்தார். மண் பாதையில் குலுங்கியது ஒத்துக்கொள்ளவில்லை என்று கிளமெண்ட் நினைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. கரண்டு போனது. இன்னாசியம்மாள் வழக்கம்போல அம்மிக்குப் போனாள். அரைக்காதே, இங்கே வந்து உட்கார் என்றார். பிறகு சொன்னார்.

தொண்ணூற்று நான்கு மார்ச். கண்ணுச்சாமி முந்தின ராத்திரி ஷிப்ட் முடித்திருந்தான். ஆள் குறைவென்று பகல் ஷிப்டுக்கும் அவனைக் கிறிஸ்துராஜ்தான் நிறுத்திவைத்தார். காலை பதினொரு மணிக்கு ஏழாம் நம்பர் தொட்டி அடைத்துக்கொண்டது. யூனிட்டை, அதாவது அந்தக் கொதிகலனின் ஓட்டத்தையே நிறுத்தி, சூடு ஆறவைத்துத்தான் கீழ்க் கதவைத் திறக்க வேண்டுமென்பது விதி. மேலிருந்து போன் வந்தது. பிளஸ் டூ பரீட்சை நடக்கிற சமயம், எந்தக் காரணத்துக்கும் யூனிட் நிற்கக் கூடாது என்றார்கள். கண்ணுச்சாமி மூன்று தடவை தட்டிப் பார்த்துவிட்டு, அண்ணே உள்ளே மலைமாதிரி நிற்குது என்றான். திற, நான் பார்த்துக்கிறேன் என்று கிறிஸ்துராஜ் சொன்னார். அவன் கடப்பாரையைக் கொடுத்துக் கதவை நெம்பினான். அடைந்து நின்ற சாம்பல் மொத்தமும் கொதிக்கிற தண்ணீர்போல ஒரே பாய்ச்சலாக இறங்கியது. தொட்டிக்குக் கீழே நிழலில் படுத்துத் தூங்கியவன்மேல் சாம்பல் இறங்கிவிட்டது என்று காண்டிராக்டர் எழுதினார். பொறுப்பாளர் என்ற இடத்தில் கிறிஸ்துராஜ் கையெழுத்துப் போட்டார். உடலை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஆவாரங்குளத்துக்குப் போனவரும் அவர்தான். இரண்டு ஷிப்ட் பார்த்த அலுப்பு, அசந்து தூங்கிட்டாப்ல என்று அந்த வாசலில் நின்று தன் வாயாலேயே சொன்னார்.

இன்னாசியம்மாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஈரம் போன பிறகும் துடைத்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "அன்னைக்கு வந்து குளிக்காமப் படுத்தீங்க. திற கண்ணுச்சாமி, நான் பாத்துக்கிறேன்னு தூக்கத்துல ஒரு மாசம் சொன்னீங்க. நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன். அப்புறம் சொல்லாமலே இருந்தாக்கூட நல்லதுன்னு தோணிப்போச்சு. பிள்ளைக வளந்துட்டாங்க."

இப்போது மட்டும் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது, கிளமெண்ட் வேலைதான் போகும் என்றாள். சொன்னவளாலேயே அதைத் தாங்க முடியவில்லை. மறுநாள் ஷெரினுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் அழுதபடி சொல்லிவிட்டாள்.

ஷெரின் பள்ளி விட்டு நேராக வந்தாள். அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது, அதோடு அந்தக் கண்ணில் வேறொரு வெளிச்சமும் இருந்ததை அவர் பார்த்தார்.

"இதக் கூட்டத்துல சொல்லுங்கப்பா. ஆயிரம் கையெழுத்து வாங்கி நாங்க சொல்றத நீங்க ஒரு ஆள் சொன்னாப் போதும். கரின்னா என்னன்னு அந்த ஊருக்கே புரிஞ்சிரும்."

"செத்தவனக் கொண்டுபோய் உன் மனுவுல ஒட்டப் போறியா?"

அவள் அவர் காலடியிலிருந்து சற்று விலகி உட்கார்ந்தாள்.

"உன் தம்பி கம்பெனிக்காகப் பேசச் சொல்றான். நீ எதிர்த்துப் பேசச் சொல்ற. அந்தக் கண்ணுச்சாமியப் பத்தி ரெண்டு பேருமே கேக்கல" என்றார். மூச்சு வாங்கியது, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "அன்னைக்குக் காலையில பதினோரு மணிக்கு நீ என்ன பண்ணிக்கிட்டிருந்த, ஞாபகமிருக்கா? மறுநாள் உனக்குக் கெமிஸ்ட்ரி பரீட்சை. அப்ப நம்ம இருந்த கரண்டு ஆபீஸ் குவார்ட்டர்ஸ்ல ஃபேனப் போட்டுட்டுப் படிச்சுக்கிட்டிருந்த. ஃபேன் நிக்கல."

சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமென்று அவருக்குத் தோன்றியது. ஷெரின் எழுந்தாள். அம்மா கொண்டுவந்த டீயை வாங்கி அப்படியே ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டு ஞாயிறு வரவில்லை. கிளமெண்டுக்கும் விஷயம் தெரிந்தது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன், நீங்கள் கூட்டத்துக்கு வர வேண்டாம் என்றான். சத்தம் போடாமல்தான் சொன்னான். ஆனால் அதற்கப்புறம் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

அந்த இரண்டு வாரமும் இன்னாசியம்மாள் மதியத்தில் எதுவும் அரைக்கவில்லை. அவரும் அரைக்கச் சொல்லவில்லை. இரண்டிலிருந்து நான்குவரை இருவரும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். அவர் திடீரென்று தலையைத் தூக்குவார். கேக்குதா என்று அவள் கேட்பாள். ஆமாம் என்பார். நாளாக ஆக, தனக்கும் ஏதோ கேட்பதாக இன்னாசியம்மாளுக்குச் சந்தேகம் வந்தது. அது பக்கத்து வீட்டில் துணி துவைக்கிற சத்தமாகவும் இருக்கலாம்.

கூட்டத்தன்று இருவரும் காலையிலேயே பஸ் பிடித்தார்கள்.

ஆவாரங்குளம் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். வானம் மூடிக்கொண்டு இருந்தது. மைக்குக்காகக் கொண்டுவந்த ஜெனரேட்டர் ஓரமாக நின்று புகைந்தது. ஒருபக்கம் வேலை வேண்டும் என்று அட்டை பிடித்தவர்கள். மறுபக்கம் ஷெரினும் அவளோடு வந்தவர்களும். இடையில் போலீஸ். மேடையில் அதிகாரிகள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மில்லுக்குக் கரண்டு வந்தால் ஊருக்கும் வருமா என்று ஒருவர் கேட்டார். போர் போட்டு நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சிவிடுவார்களா என்று ஒருவர் கேட்டார். ஷெரின் எழுதிவைத்ததை வாசித்தாள். கடல் மட்டம், கரியமில வாயு, இன்னும் ஐம்பது வருஷத்தில் இந்தக் கரிசலின் மழை என்று அவள் சொல்லச்சொல்ல, கடல் எங்கேயிருக்கு டீச்சர் என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, பந்தல் சிரித்தது. மலையம்மாள் முன்வரிசையில் மகனோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கையிலும் வேலை வேண்டும் அட்டை.

கிறிஸ்துராஜ் மேடைக்குப் போனபோது கிளமெண்ட் எழுந்து பாதித் தூரம் வந்து நின்றுவிட்டான்.

"எம் பேரு கிறிஸ்துராஜ். அனல்மின் நிலையத்துல முப்பத்து மூணு வருசம் வேலை பாத்தேன். கரி வேணுமா வேணாமான்னு கேட்டா, இன்னைக்கும் நான் வேணும்னுதான் சொல்வேன். எம்மக வேணாம்கிறா. அவ சொல்றது சரியாப் போனாலும் போகும், அதப் பாக்க நான் இருக்க மாட்டேன். நான் அதுக்கு வரல. இந்த ஊர்க்காரன் கண்ணுச்சாமி எங்கிட்ட வேலை பாத்துச் செத்தான். தூங்கிச் செத்தான்னு எழுதினாங்க, நான் கையெழுத்துப் போட்டேன். இங்க வந்தும் அதத்தான் சொன்னேன். அது பொய். அவன் தூங்கல. அடைச்ச தொட்டியத் திறன்னு நான்தான் சொன்னேன். திறந்தான்."

ஷெரின் பக்கத்திலிருந்து கைதட்டல் எழுந்தது. அவள் திரும்பி இரண்டு கையையும் நீட்டித் தடுத்தாள். அப்படியும் கொஞ்ச நேரம் தட்டினார்கள். அந்த ஓசையில் கிறிஸ்துராஜ் குனிந்துகொண்டார். பெரியவரே, இந்தத் திட்டத்தைப் பற்றி ஏதாவது சொல்லணுமா என்று அதிகாரி மெதுவாகத்தான் கேட்டார். ஒன்றுமில்லை என்றார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

பிற்பாடு அந்த மின் நிலையத்துக்கு அனுமதி கிடைத்தது. இரண்டு வருஷத்தில் புகைபோக்கி எழும்பியது. கிளமெண்டை உடனே நிறுத்தவில்லை. ஆனால் அவனாகவே மூன்று மாதத்தில் விலகி ஓசூருக்குப் போனான். அங்கிருந்து அம்மாவுக்கு மட்டும் போன் செய்தான். விருமாண்டி சாம்பல் பிரிவிலேயே சேர்ந்தான். யூனிட் நிற்காமல் கதவைத் தொட மாட்டேன் என்று சொல்லி இரண்டு தடவை சண்டை போட்டான் என்றும் கேள்வி. ஷெரின் மனு எழுதுவதை விடவில்லை. அப்பாவும் அவளும் ஞாயிறுதோறும் அதே பேச்சைப் பேசினார்கள், முன்னைவிடத் தணிந்த குரலில்.

ஆனால் அன்றைக்கு மைதானத்தில் மலையம்மாள் அழவில்லை. அட்டையை நாற்காலியில் வைத்துவிட்டு வந்தாள். புளியமரத்தடியில் இன்னாசியம்மாள் கணவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். விருமாண்டி பத்தடி தள்ளியே நின்றான். அவன் முகம் கருத்திருந்தது. கிறிஸ்துராஜ் கையெடுத்துக் கும்பிட்டார். மலையம்மாள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"எத்தன மணி இருக்கும்?" என்று கேட்டாள்.

"காலையில பதினோரு மணி."

"கையில என்ன வச்சிருந்தாரு?"

"கடப்பாரை."

"ஏதும் சொன்னாரா?"

"உள்ள மலை மாதிரி நிக்குதுன்னு சொன்னான். நான்தான் கேக்கல."

அவள் ஒவ்வொன்றையும் வாய்க்குள் ஒருதடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தொட்டி எத்தனையாவது தொட்டி, எவ்வளவு உயரம், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டாள். பதினைந்து வருஷமாக யாரிடமும் கேட்க முடியாததையெல்லாம் நின்ற இடத்தில் கேட்டாள். அவரும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். சாம்பல் இறங்கின பிறகு உயிர் இருந்ததா என்று கேட்டாள். இருந்தது, ஆனால் பேச்சு இல்லை என்றார். தூறல் போட ஆரம்பித்தது.

"பந்தல்ல சொன்னது வெளியூர்க்காரங்களுக்கு" என்றாள் மலையம்மாள். "எங்க ஊருக்குள்ள வந்து சொல்லுங்க."

அம்மா, அவருக்கு முடியல என்று இன்னாசியம்மாள் ஆரம்பித்தாள். வாரேன் என்று கிறிஸ்துராஜ் எழுந்துவிட்டார்.

மலையம்மாள் முன்னால் நடந்தாள். பின்னால் அவர், இன்னாசியம்மாள், கொஞ்சம் தள்ளி விருமாண்டி. முதலில் டீக்கடை. பெஞ்சில் இருந்த நான்கைந்து கிழவர்களை மலையம்மாள் பேர் சொல்லித் திருப்பி உட்காரவைத்தாள். கிறிஸ்துராஜ் நின்றுகொண்டே சொன்னார்.  ஒருவர் மட்டும் பீடியை அணைத்தார். அடுத்தது, விருமாண்டிக்கு வகுப்பெடுத்த வாத்தியார் வீடு. அங்கேயும் சொன்னார். வாத்தியார் எழுந்து உள்ளே போய்விட்டார். பிறகு திரும்பி வந்து விருமாண்டியின் தோளைத் தொட்டார்.

மூன்றாவது, கண்ணுச்சாமியின் அண்ணன் வீடு. தூங்கிச் செத்தவனுக்கு மேளம் எதற்கு என்று, கொட்டில்லாமல் தம்பியைத் தூக்கிப்போகச் சொன்னவர் அவர். எழுபது வயதுக்குமேல் ஆகிப் படுத்த படுக்கையாக இருந்தார். மழை கனத்துவிட்டது. நனைந்தபடி கட்டிலருகே போய் நின்ற கிறிஸ்துராஜுக்கு நெஞ்சு விம்மி மூச்சு இழுத்தது. நான்தான் திறக்கச் சொன்னேன் என்பதற்குமேல் வார்த்தை வரவில்லை. வாயை வாயைத் திறந்தார். இன்னாசியம்மாள் முதுகைத் தடவிவிட்டாள். மலையம்மாள் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அவரை உட்காரவைத்தாள்.

பிறகு அவளே கட்டிலுக்கு அருகில் போய்க் குனிந்து, கிழவரின் காதுக்குக் கேட்கும்படி நிதானமாகச் சொன்னாள்.

"காலையில பதினோரு மணி. ஏழாம் நம்பர் தொட்டி. உங்க தம்பி முழிச்சுத்தான் இருந்தாரு."